தேர் நகராதது ஏன்? பினாங்குக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஜார்ஜ் டவுன், ஆயர் ஈத்தாம், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை, நிபோங் தெபால் என்று உங்கள் கோயில் எங்கே இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். முதலில் நான் கேட்பது ஒன்று. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் கரைந்துவிடும்" என்று சொல்லி மாவும் பானமும் விற்பவர்களுக்கு இனி உங்கள் மண்டபத்தைக் கொடுக்காதீர்கள்.

என் அத்தை அப்படி ஒரு கூட்டத்தில்தான் முதல் டப்பாவை வாங்கினார். எந்தக் கோயில், எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பேசினார்களாம். இடது மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று அத்தைக்கு அந்த மாதம்தான் தெரிந்திருந்தது. இரண்டாம் கட்டம். அறுவைக்குத் தேதியும் கொடுத்திருந்தார்கள். அத்தை அந்தத் தேதிக்குப் போகவில்லை. ஏழு மாதம் கழித்து முதுகுவலி தாங்காமல் போனபோது எலும்புக்குப் பரவியிருந்தது. சமையலறை அலமாரியில், மைலோ டின்களுக்குப் பின்னால், பதினொரு காலி டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 280 வெள்ளி. நான் கோபப்படுவேன் என்று என்னிடமிருந்து மறைத்திருக்கிறார். கேட்டபோது, "எதிர்ப்புச் சக்தி ஏறினா கட்டி தானா அடங்கிடும்னு கோயில்ல சொன்னாங்கம்மா" என்றார். எந்தக் கம்பெனி என்பது அவருக்கு நினைவில்லை. கோயிலில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவேன். நோயின் பெயரை மருத்துவர்தான் எழுதுவார். ஆனால் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தகட்டை முதலில் பார்ப்பது நாங்கள். அதனால் இந்த 'எதிர்ப்புச் சக்தி' எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். ரோஜா நிறப் பின்னணியில் கடுகைச் சிதறவிட்ட மாதிரி கருநீலப் புள்ளிகள். அவைதான் நிணநீர் அணுக்கள் என்ற எதிர்ப்பு உயிரணுக்கள். கெட்டுப்போன அணுவைத் தேடிக் கொல்லும் டி அணுக்களும் இவற்றில் அடக்கம்.

சில கட்டிகளில் அந்தக் கடுகு உள்ளே வரை புகுந்திருக்கும். சிலவற்றில் கட்டியைச் சுற்றி வேலிபோல் திரண்டு நிற்கும்; உள்ளே தேடினால் ஒன்றுகூடத் தென்படாது. அந்தத் தகடுகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தா போயிற்று? இல்லையே! கூட்டமாக வந்திருக்கிறது. வந்து வாசலிலேயே நிற்கிறது.

இந்தக் கடுகு எங்கே நிற்கிறது என்பதில் ஒருவருடைய ஆயுளே அடங்கியிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டிகளைப் பிரான்சின் ஜெரோம் காலோன் குழு ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டது. கட்டிக்குள் டி அணுக்கள் எவ்வளவு, எந்த இடத்தில் என்ற கணக்கு, நோயாளி எத்தனை காலம் வாழ்வார் என்பதை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்ற வழக்கமான பகுப்பைவிடவும் நன்றாகக் காட்டியது.

சரி, ஏன் வாசலில் நிற்கின்றன? அதற்குக் கட்டி செய்யும் வேலைகள் பல. நம் உடலின் ஒவ்வோர் அணுவும் தனக்குள் என்ன தயாராகிறது என்பதற்கு அடையாளமாகச் சிறு புரதத் துணுக்குகளை வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டே இருக்கும். சாலைத் தடுப்பில் ஐசி-யை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக் காட்டுவது போல. புற்று அணுக்களில் பல அந்த ஐசி-யைக் காட்டுவதையே நிறுத்திவிடும். டி அணு பக்கத்திலேயே நின்றாலும் ஆளைத் தெரியாது. சில கட்டிகள் தங்களைச் சுற்றி நார்ச்சுவர் எழுப்பிக்கொள்கின்றன. இன்னும் சில, சண்டை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள உடலே வைத்திருக்கும் அமைதி காக்கும் அணுக்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. அந்த அமைதி காக்கும் அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் ஷிமோன் சக்காகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது முட்டுக்கட்டை. தேர் ஓட்டம் நடத்தியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை செருகியிருந்தால் ஐம்பது பேர் வடம் பிடித்தாலும் தேர் அசையாது. டி அணுவின் மேல் பிடி-1 என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை அழுத்தினால் டி அணு நின்றுவிடும். நல்ல உடலிலும் இது தேவை. இல்லாவிட்டால் நம் காவலே நம் உறுப்புகளைத் தின்றுவிடும். புற்று அணு இதைத் தெரிந்துகொண்டதுபோல், பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல் ஏராளமாக வளர்த்துக்கொண்டு, கிட்டே வரும் ஒவ்வொரு டி அணுவையும் நிறுத்தி வைக்கிறது. அதைக் காட்டும் சாயத்தை ஏற்றினால் புற்று அணு ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நான் அந்த வளையத்தை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த மண்டபப் பேச்சை நினைத்துப் பாருங்கள். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்." கட்டை சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது, இவர்கள் வடம் பிடிக்க இன்னும் ஐம்பது பேரைக் கூப்பிடுகிறார்கள். உண்மையிலேயே ஆள் கூடுகிறதா என்பதற்கும் ஆதாரம் இல்லை. கூடினாலும் தேர் நகராது.

கட்டையை உருவும் மருந்துகள் இருக்கின்றன. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோ குழு பிடி-1-ஐ 1992-இல் கண்டது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு கட்டையை எடுத்தால் எலிகளின் கட்டி மறைகிறது என்று காட்டினார். இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. பிடி-எல்1 பாதி அணுக்களுக்கு மேல் இருந்த, முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில், வழக்கமான கீமோவில் தொடங்கியவர்களில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 16 பேர். பெம்ப்ரோலிசுமாப் என்ற கட்டை உருவும் மருந்தில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 32 பேர். இரு மடங்கு. ஆனால் மீதி 68 பேரை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் இது கேட்காது, விலையும் பல குடும்பங்களுக்கு எட்டாது. கட்டையை எடுத்ததும் தேர் தறிகெட்டு ஓடுவதும் உண்டு. எதிர்ப்பு அணுக்கள் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கி, நோயாளி ஆபத்தான நிலைக்குப் போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்கவிளைவு. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறினாலும் நல்லதுதான் என்பவர்கள் அந்த வார்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காலம். ஆரம்பத்தில் நம் காவல் பெரும்பாலான புற்று அணுக்களைக் கொன்றுவிடும். தப்பியவை இழுபறியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதிலும் தப்பிப் பிழைப்பவை ஒளியக் கற்றவை. கட்டி ஒவ்வொரு மாதமும் வளர வளர, ஒளியத் தெரிந்த புது வகைகள் அதில் பிறந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கில், பரவாத மார்பகப் புற்றுக்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். என் அத்தையின் ஏழு மாதங்கள் அந்தக் கணக்குக்குள் எனக்குத் தெரிகின்றன. நம் மலேசிய நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையில், 100 பேரில் ஏறக்குறைய 64 பேருக்கு நோய் தெரியவந்தபோதே மூன்றாம் அல்லது நான்காம் கட்டம்.

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது, அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். விற்க வந்தவர் அரை மணி நேரம் தமிழில் பேசினார், அம்மா என்று கூப்பிட்டார், அப்புறம் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 'புற்று' என்ற சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் 'அந்த நோய்' என்று கிசுகிசுக்கும் நம் வீடுகளில், உரக்கப் பேச வந்த ஒரே ஆள் அவர்தான்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1956-ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டப்படி, ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. வாயால் அறிவிப்பதும் அதில் விளம்பரம்தான். டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அந்த எண் 'டி' (T) என்று முடிந்தால் அது பாரம்பரிய மருந்து, 'என்' (N) என்று முடிந்தால் சத்துப்பொருள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாரும் அதற்குச் சான்று தரவில்லை.

மண்டபத்தை மறுப்பதோடு நிற்காமல் இன்னும் இரண்டு செய்யுங்கள். அதே வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தைத் தமிழ் பேசும் தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுங்கள். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த மாநில ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பி40 (குறைந்த வருமானக்) குடும்பத்தினருக்கு அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு என்பதைக் கோயில் புலனக் குழுவில் போடுங்கள். சிகிச்சையை முடிக்கும் புற்றுநோயாளிக்கு அதே திட்டத்தில் உதவித்தொகையும் இருக்கிறது.

அழைக்கும் கோயிலுக்கு நானும் வருகிறேன். பெயர் இல்லாத பயிற்சித் தகடுகளின் படங்கள் என்னிடம் உள்ளன. வெள்ளைத் திரையும் புரொஜெக்டரும் இருந்தால் போதும். அந்தக் கடுகையும் பழுப்பு வளையத்தையும் நம் அம்மாக்கள், அத்தைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை.

அன்புடன்,
ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர்,
பட்டர்வொர்த்