பிரிட்டனின் கஷ்டம் 2016-ல் தொடங்கியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலைவாசி, வாடகை, மின் கட்டணம் என்று பிரிட்டன் மக்கள் படும் பாட்டைப் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் 2016 வாக்கெடுப்பின்படி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதன் தலையில் கட்டிவிட்டீர்கள், அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த நாடு ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) நுழைவதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. 1967 நவம்பரில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கினார், அதே மாதத்தில் பிரான்ஸ் அதிபர் டி கோல் இரண்டாவது முறையாக "பிரிட்டன் வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார். ஒருவழியாக பிரதமர் எட்வர்ட் ஹீத் காலத்தில், 1973 ஜனவரி 1 அன்று சேர்ந்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? எண்ணெய் விலை ஏறி, சுரங்கத் தொழிலாளர்களும் கூடுதல் நேர வேலையை நிறுத்திவிட, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம் என்று அரசே உத்தரவு போட்டது. 1976-ல் சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றார்கள். சேர்ந்ததாலும் கஷ்டம் தீரவில்லை, சேர்ந்ததால் வந்த கஷ்டமும் அல்ல அது.

அரசியல் சண்டையும் புதிதல்ல. 1975 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்கலாம் என்றார்கள், ஆனால் மீண்டும் பிரதமராகியிருந்த, தொழிற்கட்சியின் வில்சனின் அமைச்சரவையே இரண்டாகப் பிரிந்து நின்றது. டோனி பென், பார்பரா காசில் போன்ற இடதுசாரிகள் எதிர்ப்புப் பக்கம், எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர் ஆதரவுப் பக்கம். இதை இன்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1983 தேர்தலில்கூட வெளியேறுவோம் என்று வாக்குறுதி கொடுத்தது தொழிற்கட்சிதான். அப்புறம் 1988 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ழாக் டெலோர் பிரிட்டன் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்து தொழிலாளர் உரிமைகளைப் பற்றிப் பேசினார், அதே மாதம் அப்போது பிரதமராக இருந்த தாட்சர் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஐரோப்பிய அதிகாரக் குவிப்பைக் கண்டித்துப் பேசினார், அதிலிருந்து இரண்டு கட்சிகளும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டன.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஊர்கள் என்ன ஆயின என்பதுதான் என் கவலை. தெற்கு வேல்ஸில் எபு வேல் என்று ஒரு ஊர், எஃகு ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, ஆலையும் 2002-ல் மூடப்பட்டது. அந்தப் பகுதியில் கல்லூரிக்கும் சாலைக்கும் ஐரோப்பிய நிதி வந்தது உண்மைதான். ஆனாலும் 2016-ல் அந்த மாவட்டத்தில் 62 சதவீதம் பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். இதை நன்றி கெட்டதனம் என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புதுச் சாலை நல்ல வேலையைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் இளைஞர்கள் அந்தச் சாலை வழியாகவே ஊரை விட்டுப் போவார்கள். சுரங்கங்களை மூடும் முடிவு எண்பதுகளில் பிரிட்டனுக்குள்ளேயே எடுக்கப்பட்டது, 2010-க்குப் பிறகு நகராட்சிகளின் நிதியை வெட்டிய முடிவும் லண்டனில் எடுக்கப்பட்டதுதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் அல்ல.

சரி, வெளியேறியதால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. எல்லையில் சுங்கப் படிவங்களும் சோதனைகளும் வந்ததில் சிறு ஏற்றுமதியாளர்கள் நொந்துபோனார்கள், நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே கணக்கிடுகிறது. ஆனால் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டதற்கு உக்ரைன் போரால் எகிறிய எரிவாயு விலை முக்கியக் காரணம், ஒன்றியத்துக்குள் இருந்த ஜெர்மனியும் அந்த அடியை வாங்கியது. அதற்கு முந்தைய மாதம் பிரதமர் லிஸ் டிரஸ் அரசு, செலவுக்கு வழி சொல்லாமல் வரிக்குறைப்பை அறிவித்து வீட்டுக்கடன் வட்டியை ஏற்றிவிட்டதை எந்த ஐரோப்பிய ஒப்பந்தத்தின் மேல் போடுவது?

அடுத்த முறை பிரிட்டனைப் பற்றி எழுதும்போது லண்டன் நிதிச் சந்தையைத் தாண்டி, எபு வேல் மாதிரி ஊர்களிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்