வரவேண்டிய காலி பாட்டில்கள் வந்து சேர்ந்துவிட்டன, நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு வருஷமாக என்னை எங்கே பார்த்தாலும் "என்ன தம்பி, பாட்டில் கிடைச்சுதா?" என்றுதான் கேட்டீர்கள். கிடைத்தது. நேற்று ராத்திரி கட்டிலுக்கடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக நிறுத்தி எண்ணினேன், மொத்தம் 73. கோலி போட்டது 41, தகர மூடி போட்டது 32. எல்லாம் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்திய சோடா கம்பெனியின் பாட்டில்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அந்த வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்கு அது சோடா கம்பெனி என்றே இருக்கட்டும்.

முதல் நன்றி கம்பெனி ஐயாவுக்கு. கடைசியாக மிஷின் சக்கரத்தைச் சுற்றியவர் அவர். ஒரே ஒரு பாட்டில் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுத்தான் அவர் வீட்டுப் படியேறினேன். "ஒண்ணுகூட இல்லையே தம்பி, மூடுறப்ப எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு" என்றார். சரி என்று எழுந்தவனை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார். அட்டை முழுக்கக் கரையான் அரித்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே "வரவேண்டிய காலி" என்று எழுதியிருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். அப்போதெல்லாம் கடைக்காரருக்கு விற்பது உள்ளே இருக்கிற கலர் சோடாவைத்தான், பாட்டில் கம்பெனியுடையது. 24 பாட்டில் பிடிக்கிற மரப்பெட்டி சைக்கிளில் வரும், நிறைந்த பெட்டியை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். காலியில் நாலு குறைந்தால் அந்தக் கடையின் பெயருக்கு நேரே 4 என்று விழும். அப்படி விழுந்து விழுந்து நிறைந்த நோட்டு அது. எந்தக் கடை, எந்தத் தெரு, கோலி எத்தனை, மூடி எத்தனை, எல்லாம் இருந்தது. எனக்கு இதைவிடப் பெரிய புதையல் வரைபடம் யார் கொடுத்துவிட முடியும்?

அன்று சாயங்காலம் மிஷினைப் பற்றிக் கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை, எழுந்து நின்று செய்து காட்டினார். பாட்டிலில் தண்ணீரும் எசன்ஸும் ஊற்றி இரும்புக் கூண்டில் மாட்டுவது, கேஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுவது, கூண்டோடு பாட்டில் தலைகீழாகச் சுழல்வது, கோலி உருண்டு வந்து கழுத்திலிருக்கும் ரப்பர் வாஷரில் உட்காருவது, உள்ளேயிருக்கிற அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்வது என்று வெறுங்காற்றைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அவருடைய இடது உள்ளங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது, சுழலும்போதே பாட்டில் வெடித்ததில் வந்தவை. ஹிராம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் 1872இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது என்று நான் படித்ததைச் சொன்னேன். "அவரு நல்லா இருக்கட்டும், அந்தக் கழுத்துல ரெண்டு குழி வெச்சாரு பாருங்க, அது இல்லேன்னா ஊத்துறப்ப கோலி வந்து அடைச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். கண்டுபிடித்தவரைப் பற்றி இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கம்பெனி ஏன் மூடியது என்றும் கேட்டேன். 1977இல் நாட்டை விட்டுப் போன கோக் 1993இல் திரும்பி வந்ததையும், நம் ஊர்க் குளிர்பானங்களான கோல்ட் ஸ்பாட்டும் தம்ஸ் அப்பும் அவர்கள் கைக்குப் போனதையும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த நோட்டைத் தட்டினார். போன பாட்டில் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். கோலி பாட்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து லாரியில் வர வேண்டும், வருகிற வழியிலேயே கொஞ்சம் உடையும். சோடாவில் கிடைக்கிற லாபம் பாட்டில் வாங்கவே போய்விடும். அப்புறம் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பாட்டில் வந்தது, காலியைத் திருப்பிக் கேட்கிற ஆளைக் கடைக்காரருக்கே பிடிக்காமல் போனது. பக்கத்திலேயே விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் சோடா கம்பெனி இன்றைக்கும் நிற்கிறது. நாலு தெருவுக்குச் சோடா போட்ட இவர்களால் முடியவில்லை.

அடுத்து பழைய இரும்புக்கடை அண்ணாச்சி. எடைக்குப் போட்ட மூட்டைகளில் ஒன்று அவருடைய கடையின் பின்சுவரோரம் அப்படியே கிடந்தது. 19 பாட்டில், அதில் பாதிக்கு மேல் புடைப்பெழுத்தில் முதலாளித் தாத்தாவின் இனிஷியல் போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்தியதும் தராசில் வைத்து, கண்ணாடிக்கு என்ன விலையோ அதை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் பை எடுத்து வராததற்குத்தான் சத்தம் போட்டார்.

கம்பெனி இருந்த இடத்துக் கிணற்றில் தூர் எடுத்த மூன்று அண்ணன்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சேற்றுக்குள் கால் வைக்கும் போதெல்லாம் கண்ணாடி குத்தும் என்று தெரிந்தும், தட்டுப்பட்டதை எல்லாம் கூடையில் தனியாக வைத்து மேலே அனுப்பினார்கள். 26 முழு பாட்டில் வந்தது அங்கிருந்துதான். மதுரையில் பாட்டில் சேர்க்கிற நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவற்றைப் பிரித்துக் கொடுத்தார். பக்கவாட்டில் ஓடுகிற வார்ப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்: வாயை அப்புறமாகக் கையால் செய்திருந்தால் கோடு கழுத்திலேயே நின்றுவிடும், மொத்தமும் மிஷின் வேலை என்றால் உதடு வரை ஏறும். இப்போது வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூடத் தடவிப் பார்க்கிறேன், அதற்கு என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

மீதியெல்லாம் நோட்டில் இருந்த கடைகள். பல கடை இப்போது இல்லை, மொபைல் ரீசார்ஜ் கடையாகவும் ஏடிஎம்மாகவும் மாறிவிட்டன. ஆனாலும் அந்த வீடுகளைத் தேடிப்போய் "உங்க அப்பா பேர்ல மூணு காலி பாக்கி இருக்கு" என்று சொன்னால் முதலில் முறைத்து, அப்புறம் சிரித்து, அப்புறம் பரணில் ஏறினீர்களே, அந்த எல்லா வீட்டுக்கும் நன்றி. மண்ணெண்ணெய் வாடை போகாத பாட்டில், திரி போட்டு விளக்காக எரிந்த பாட்டில், வேப்பெண்ணெய் பாட்டில் என்று எல்லாம் வந்து சேர்ந்தன.

கடைசியாக, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை ஆச்சி. உங்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும், இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நோட்டில் உங்கள் பெயரில் இருந்தது 1. நீங்கள் கொடுத்ததும் 1. பேரன் பேத்தி அழுதால் கோலியை ஆட்டிக் கலகலவென்று சத்தம் காட்டுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். மார்கழிக் காலையில், அடிக்கறை போகட்டுமென்று, சில்லென்று கிடந்த அந்தக் கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். டப் என்று ஒரே சத்தம், கழுத்துக்குக் கீழே வட்டமாகப் பிளந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான். மிச்சப் பாட்டில்களைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசியும் புளித்தண்ணீரும் போட்டுக் குலுக்கித்தான் கழுவினேன்.

கோலியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். வாங்கி முந்தானையில் துடைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்காக எத்தனை பயலுக பாட்டிலை உடைச்சுட்டு அடி வாங்கியிருக்கானுவ, நீ இந்த வயசுல உடைச்சிருக்க" என்றீர்கள். கோலி இப்போது உங்கள் கல்லாப்பெட்டியில் சில்லறையோடு கிடக்கிறது, போன வாரம் பார்த்தேன்.

ஒவ்வொரு பாட்டில் வரும்போதும் கம்பெனி ஐயா வீட்டுக்குப் போவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டில் அந்தக் கடையின் பெயரைத் தேடி, சிவப்பு மையில் ஒரு கோடு அடித்து, ஓரத்தில் தேதி போடுவார். ஆச்சி கணக்குக்கு என்ன செய்வது என்று தயங்கிக் கேட்டேன். உடைந்த பாதியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கோடு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: "வரவு, உடைசல் 1".