நம்ம பின்கோடு பகா எண் இல்லை, பாப்பா

பாப்பாவுக்கு,

பார்சலை நேற்றே போட்டுவிட்டேன், அம்மா போட்ட மோர்மிளகாயும் சுண்டைக்காய் வத்தலும் இருக்கு. அனுப்புநர் முகவரியில் மதுரை 625001 என்று எழுதும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நீ ஏழாவது படிக்கும்போது பொங்கல் வாழ்த்து அட்டையில் இதே எண்ணை எழுதிவிட்டு, "இது பகா எண்ணாப்பா?" என்று கேட்டாய். கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் 3, 7, 11 மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். நீயும் வகுப்பில் போய்ச் சொன்னாய்.

அது தப்பு பாப்பா. 13-ஆல் வகுபடுகிறது.

1001 என்பது 7 × 11 × 13 இல்லையா, அதை 625-ஆல் பெருக்கினால் 625625, நம்ம எண் அதைவிட 624 குறைவு, அதனால் அந்த 624-ஐ மட்டும் பார்த்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-க்கு மீதி 8. 13-க்கு மீதியே இல்லை, சரியாக 48 முறை. ஒரே கழித்தலில் மூன்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. கீழமாசி வீதி மண்டியில் அத்தனை வருஷம் கணக்கு எழுதினேன், இதை அன்றைக்கே உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

மிச்சம் 48077. அதை விட மனசில்லை. 220-இன் வர்க்கம் 48400, அதனால் 219 வரைக்கும் உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும் என்று பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். 17-க்கு மீதி 1, 101-க்கும் மீதி 1, ஒன்றே ஒன்றில் தப்பிப் போகும்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அம்மா இரண்டு தடவை வந்து லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் 131 வந்தது, சரியாக 367 முறை. ஆக 13 × 131 × 367, மூன்றும் பகா எண்கள். 13-உம் 131-உம் அடுத்தடுத்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். 625-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 49-உம் 576-உம், 225-உம் 400-உம். 625001-ஐ 4-ஆல் வகுத்தாலும் மீதி 1 தானே, அதுவும் வரும் என்று நினைத்தேன். வராது. 131-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, அது பெருக்கலில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அப்படி ஒரு பகாக் காரணி இருந்தால் முடியாது என்று ஆய்லர் என்ற கணித மேதை நிரூபித்திருக்கிறார். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது தபால் பிரிக்கத்தான் எண் கொடுத்தார்கள், காரணியை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், இருந்தும் உள்ளுக்குள் இவ்வளவு இருக்கிறது.

அத்தை வீட்டு அண்ணாநகர் 625020-ஐ நான் சொல்லமாட்டேன், நீயே உடைத்துப் பார். கடைசியில் 947 மிஞ்சும், அதை 29 வரை சோதித்தால் போதும்.

பேத்தியிடமும் நம்ம வீட்டு எண் பகா எண் என்று சொல்லி வைத்திருந்தால் மாற்றிச் சொல்லிவிடு. பார்சல் வந்ததும் போன் பண்ணு.

அப்பா