ஓதம் ஏறிய சுவருக்கு மார்கழியில் பெயின்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பொங்கலுக்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று கடலோர ஊர்களில் பலர் அடிச்சுவரைக் கொத்தி, சிமென்ட் பூசி, எமல்ஷன் அடிக்கிறார்கள். அடைமழை ஓய்ந்து சுவர் முழு ஈரத்தில் நிற்கும் மாதம் இது. ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறிய பழைய செங்கல் சுவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல்லின் நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஏறுகிற நீரும் சுவரிலிருந்து ஆவியாகிப் போகிற நீரும் எங்கே சமமாகின்றனவோ, அந்த உயரத்தில் ஓதம் நின்றுவிடும். கணக்குப்படி அந்த உயரம், ஆவியாகும் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். இருபுறமும் ஒரே அளவில் காயும் சுவரில் ஓதம் 2 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். உட்புறம் டைல்ஸ் ஒட்டினால் ஆவியாதல் பாதியாகும். ஓதம் 2 அடி 10 அங்குலம் வரை ஏறும். ஆவியாதல் கால்பங்கானால் 4 அடி. 3 அடிக்குப் பூசிய சிமென்ட்டுக்கு மேலே புதிதாகக் கறை படிவது இதனால்தான்.

ஈரத்தைவிடக் கொடியது உப்பு. நீர் சுவரின் மேற்பரப்புவரை வந்து காய்ந்தால் உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம். பெயின்ட்டும் சிமென்ட்டும் வழியை அடைத்தால், காயும் இடம் உள்ளே தள்ளிப்போய், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உப்பு படிகமாகிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் மறுபடி இறுகும். கடற்கரையில் இது இரவும் பகலும் மாறி மாறி நடக்கும். கடைசியில் பூச்சு பெயர்ந்து விழும்போது, அதன் முதுகில் செங்கல்லின் செதிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது இது. குழாய்க் கசிவு இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். கறைக்கு மேல் ஒன்றரை அடிவரை பூச்சை உரித்து, செங்கல் இடுக்குகளில் உள்ள சாந்தை 2 செ.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கரைந்த உப்பு திரும்ப உள்ளே போகும். பங்குனி, சித்திரை வெயில் முழுக்கச் சுவர் திறந்தே கிடக்கட்டும். உப்பு அதிகமென்றால் களிமண், சன்ன மணல், காகிதக் கூழ் பிசைந்து 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்து எறியுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். களிமண்ணின் துளை செங்கல்லினுடையதைவிட நுண்ணியது என்பதால் நீரையும் உப்பையும் தன் பக்கம் இழுக்கும். தனிக் களிமண் மட்டும் வேண்டாம். சுருங்கி, சுவரைவிட்டு விலகிவிடும்.

பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தை இரண்டு கோட்டாகப் பூசி, ஒரு வாரம் ஈரம் காத்து, மேலே வெள்ளையடித்தால் போதும். வெளியே மண்ணோ சிமென்ட் தரையோ, அடித்தளத்தின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேல் உயர்ந்திருந்தால் அதை முதலில் வெட்டி இறக்குங்கள். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடும் தெருக்களில் வீட்டுக்காரரால் இது முடியாது. அங்கே உள்ளாட்சி நிர்வாகம்தான் சாலை மட்டத்தைக் குறைத்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் இருவர்,
நாகப்பட்டினம்