வாலட்டன் பிள்ளைகள் பொய்யர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவதைகள், சித்திரக்குள்ளர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இங்கிலாந்தின் காட்டிங்லி புகைப்படங்களையும் வாலட்டன் பூங்கா சம்பவத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘இரண்டும் புரளி’ என்று முடித்துவிட்டது. 1917இல் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் எடுக்கத் தொடங்கிய தேவதைப் படங்கள் ஏமாற்று வேலைதான். காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் நிற்கவைத்ததை, வயதான பிறகு 1983இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். (துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அந்தப் படங்களை நம்பியதுதான் வேடிக்கை!)

வாலட்டன் கதை வேறு. 1979 செப்டம்பரில், நாட்டிங்காம் நகரப் பூங்காவில், இருட்டும் நேரத்தில், பள்ளிப் பிள்ளைகள் சிலர் சுமார் 60 குள்ளர்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். நீண்ட தாடி, சுருங்கிய முகம், தலையில் குல்லாய். வண்டிக்கு இருவராக 30 குட்டிக் கார்கள். சத்தமே இல்லை, குறுக்கே கிடந்த மரக்கட்டைகளையும் தாண்டிக் குதித்தனவாம். தலைமையாசிரியர் பிள்ளைகளைத் தனித்தனியே விசாரித்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். விவரங்களில் அங்கங்கே முரண் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை என்றே அவர் கருதினார்.

குள்ளர்கள் வந்தார்கள் என்று நானும் நம்பவில்லை. மங்கிய வெளிச்சமும் பயமும், ஒருவர் சொன்னதை மற்றவர் பற்றிக்கொள்வதும் போதும். அதற்காக, ஊசி குத்திப் படம் எடுத்தவர்களோடு இவர்களைச் சேர்ப்பது நியாயமில்லை. அந்த விசாரணையின் எழுத்து வடிவம் அச்சில் வந்திருக்கிறது. கட்டுரையாளர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்