பஞ்சுவின் தலைக்காயம்

சிலேத்தார், சிங்கப்பூர்,
பிப்ரவரி 8

லெச்சுமி,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? குளுவாங்கில் மழை விட்டதா? தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். கோபப்படு, ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. போனில் சொன்னால் பாதியிலேயே நீ மிலோ டின் கதைக்குப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் கோழி வளர்க்கிறோம், டி. நவம்பர் கடைசியில் ஒன்பது குஞ்சுகள் வந்தன, எல்லாம் பொரித்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆனவை.

ஆசை கவினுடையது. 2022 ஜூன் மாதம் உங்கள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே என்ன பாடு பட்டோம் என்று நினைவிருக்கும். அப்போது எங்களுக்கு வந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். மார்க்கெட்டில் தினம் போய்ப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பியது எனக்கு மறக்காது. இரண்டு வாரம் கழித்துக் கம்பத்து நாட்டுக்கோழியையும் கருங்கோழியையும் மட்டும் முதலில் விட்டார்கள். அப்போது அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து 'பாட்டி, நாமே வளர்த்தால் என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நீ ஈசூனில் வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருந்த காலத்தில் உன்னிடமும் கேட்டான், ஞாபகமா? 'அடுக்குமாடியில் கோழிக்கு அனுமதியே கிடையாது' என்று நீ சொல்லி அவன் முகம் வாடியது. மகள் இந்தத் தரைவீட்டுக்கு மாறியதும் அவனுக்கு வழி திறந்தது. தரைவீட்டிலும் பத்துக்கு மேல் கூடாது. அதனால் ஒன்பதோடு நிறுத்தினோம்.

உன்னைக் கேட்டிருந்தால் உன் வீட்டுக் குஞ்சுகளையே தந்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் பாலம் தாண்டிக் கோழிக்குஞ்சைக் கையில் கொண்டுவர முடியாதே. இங்கேயே ஓரிடத்தில் வாங்கினோம்.

மூன்று பழுப்பு முட்டைக் கோழிகள். அந்த வகையில் பெட்டை செந்தவிட்டு நிறத்திலும் சேவல் வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும், அதனால் பார்த்த உடனே பெட்டை என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு கறுப்புக் கம்பத்துக் குஞ்சுகள். இரண்டு வெள்ளை சில்க்கி, இறகு பஞ்சு மாதிரி இருக்கும் இனம்; பஞ்சு என்றும் மாவு என்றும் கவின் பெயர் வைத்தான். கடைசியாக இரண்டு செராமா, உங்கள் கிளந்தான்காரர்கள் உண்டாக்கிய அந்தச் சின்ன இனம். வளர்ந்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. குஞ்சாக இருந்தபோது கடுகும் சிட்டும் என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

'ஒன்றாகவே வளர்ந்தால் ஒன்றையொன்று பழகிவிடும்' என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் ஒரு பக்கம் மட்டும் விளக்கைத் தொங்கவிட்டு, விளக்கின் கீழே முப்பத்துமூன்று பாகை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு விளக்கு எதற்கு என்று மருமகன் கேட்டார். மழைக்கால ராத்திரியில் வெளியே இருபத்துநாலு பாகைக்கு இறங்குகிறது, குஞ்சுக்கு அது குளிர். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்த்தால் போதும், லெச்சுமி. விளக்கின் கீழ் குவியலாக அப்பிக்கொண்டு கீச்சிட்டால் குளிர். பெட்டியின் மறுகோடிக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. அங்கங்கே சிதறிப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. அந்த மூன்றாவது நிலையில் ஒன்பதையும் பார்த்துக்கொண்டு நான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர்த் தட்டில் கவினுடைய கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் செராமா அந்த ஒரு அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

மூன்றாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பழுப்புகள் ஒரே வேகத்தில் வளர்ந்தன. இறக்கை முளைத்துப் பெட்டி விளிம்பில் ஏறி நின்றன. செராமா அன்று வந்தபடியே இருந்தது. ஒரே தீவனத் தட்டு. பழுப்பு மூன்றும் முன்னால் நின்றால் மற்றவைக்கு மிச்சம் தூள்தான். நான் இதை உடனே கவனிக்கவில்லை. தட்டு காலியாவதைப் பார்த்து எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் கடைசியில் அந்தத் தொடர்மழை வந்தது. அதற்குள் மருமகன் பின்கட்டில் கூண்டு கட்டியிருந்தார். மைனா நுழையாத சின்னக் கண்ணி வலை, மேலே தகரம், கீழே மரத்துருவல். மலைப்பாம்புக்கும் மரநாய்க்கும் பயந்து அடியில்கூட வலை விரித்தார். சாரலைத்தான் யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாள் நாங்கள் மகளின் மாமியார் வீட்டு விசேஷத்தில் இருந்தோம். வந்து பார்க்கும்போது ஒரு மூலைத் துருவல் ஈரமாகிக் கட்டி கட்டியாக இருந்தது. கடுகு அதில் உட்கார்ந்திருந்தது. இறகை உப்பிக்கொண்டு, இறக்கை இரண்டும் தொங்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. பக்கத்தில் எச்சம் சிவப்பாக இருந்தது.

உன் அம்மா 'ரத்தக் கழிச்சல்' என்று சொல்வார்களே, அதுதான். முதலில் கூப்பிட்ட கிளினிக்கில் கோழி பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் பார்த்தார்கள், அங்கே போவதற்குள் கடுகு என் மடியிலேயே போய்விட்டது. துண்டில் சுற்றி வைத்திருந்தேன். துண்டின் எடைதான் கையில் தெரிந்தது, குஞ்சின் எடை தெரியவேயில்லை.

அந்த டாக்டர் நல்ல பெண், பொறுமையாக விளக்கினார். எச்சத்தோடு வெளியே வரும் கிருமியின் முட்டைகள் காய்ந்த இடத்தில் அவ்வளவு செய்யாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளிலேயே முதிர்ந்து, கொத்தித் தின்னும் குஞ்சின் குடலுக்குள் போய்விடும். நம் ஊரில் சூடு எப்போதும் இருக்கிறது, ஈரத்தை நாங்கள் கொடுத்துவிட்டோம். மற்ற எட்டுக்கும் தண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் கொடுத்தார். அப்போது இன்னொன்று கேட்டார்: 'வைட்டமின் தண்ணீர் கொடுக்கிறீர்களா?' கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், குஞ்சுகள் திடமாகட்டும் என்று. உடனே நிறுத்தச் சொன்னார். அந்த மருந்து பி1 சத்தைத் தடுத்துத்தான் கிருமியை ஒடுக்குகிறதாம். நாம் பி1 ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. நல்லது என்று நினைத்து ஊற்றியது மருந்தையே முறிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீதி எட்டும் பிழைத்தன. கூளம் முழுவதையும் அள்ளிப் போட்டுவிட்டு, சாரல் பக்கத்துக்குப் பாய் கட்டினோம். இப்போது தினம் காலையில் ஒரு பிடித் துருவலை எடுத்துக் கையில் அழுத்திப் பார்க்கிறேன். உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும், உதிர்ந்தால் இருக்கட்டும்.

கவின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பேச்சு பிறகு.

நான் எழுதத் தொடங்கிய விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். போன சனிக்கிழமை பஞ்சுவின் தலையில் ரத்தம். சில்க்கிக்கு உச்சியில் பஞ்சு உருண்டை மாதிரிக் கொண்டைமயிர் இருக்கும், பார்த்திருப்பாய். அது வளர்ந்து கண்ணை மறைத்துவிட்டது. பின்னாலிருந்து வரும் அலகு அதற்குத் தெரியாது, ஒதுங்கத் தெரியாது. பெரிய பழுப்பு வந்து கொத்தியிருக்கிறது, ரத்தம் கண்டதும் மற்றவையும் வந்துவிட்டன. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. சில்க்கியின் மண்டைக்கு மேலே எலும்பு முழுதாக மூடாத பள்ளம் இருக்குமாம், அங்கே ஒரு கொத்து ஆழமாக விழுந்தால் மூளைக்கே போய்விடும்.

தூக்கி மடியில் வைத்தேன். இறகு ஒதுங்கிய இடத்தில் தோல் கறுப்பு, லெச்சுமி. வெள்ளைப் பஞ்சுக்குள் கரிக்கட்டை நிறத்தோல். அந்தக் கறுப்பில் ரத்தம் சிவப்பாகக்கூடத் தெரியவில்லை, பளபளவென்று மட்டும் இருந்தது. காலில் ஐந்து விரல், மற்றவைக்கு நாலு. அந்த ஐந்தும் என் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. மார்பு என் உள்ளங்கைக்குள் தடதடவென்று அடித்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசினேன், உன் அம்மா செய்கிற மாதிரியே. பிறகு கவினைப் பிடிக்கச் சொல்லி, கண்ணை மறைக்கும் மயிரைக் கத்தரியால் வெட்டினேன். கண் வெளியே தெரிந்தது. இரண்டு தடவை சிமிட்டிவிட்டு என்னையே பார்த்தது.

மகள் பழுப்பு மூன்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள். கவின் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடு என்கிறான். நான் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பழுப்பு கெட்டதில்லை. அதற்கு வேகமாக வளரும் உடம்பு, வேகமான பசி, அலகு. நாங்கள்தான் எட்டையும் ஒரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒரே அளவு இடம் கொடுத்து, ஒன்றாகப் பழகும் என்று விட்டோம். இத்தனை வகை ஒன்றாக வாழலாம், அதற்குச் சின்னவைக்குப் பெரியவை நுழைய முடியாத இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் கொத்தினாய் என்று திட்டி என்ன பயன்?

அதனால் இப்போது ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, என் உள்ளங்கை அகலத்துக்கு வாசல் வெட்டி, உள்ளே தனித் தட்டும் தனித் தண்ணீரும் வைத்திருக்கிறேன். நம் பஞ்சாரம் போலவே. சிட்டு நேற்று முதலில் உள்ளே போனாள். பெரிய பழுப்பு வாசலில் தலையை விட்டுப் பார்த்தது, தோள் இடித்தது, பின்வாங்கியது. சிட்டு உள்ளே நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். கூண்டின் இரண்டு மூலைகளில் இன்னும் இரண்டு தட்டு. பஞ்சுவை மட்டும் காயம் ஆறும் வரை பக்கத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், மற்றவை கண்ணில் படும்படி. முழுக்கப் பிரித்து வீட்டுக்குள் கொண்டுபோனால் திரும்பி வரும்போது அந்நியம் ஆகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து கொத்து வாங்கும்.

இனி பயம் வேறு. பஞ்சுவும் மாவும் பெட்டையா சேவலா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, சில்க்கி நாலைந்து மாதத்தில் கூவினால்தான் தெரியும். பக்கத்து வீட்டுத் தாத்தா நல்ல மனிதர், ஆனால் ஐந்து மணிக்கு ஒரு சேவலைத் தாங்குவாரா? 2017இல் இங்கே சின் மிங் பேட்டையில் சத்தப் புகார் வந்து இருபதுக்கு மேற்பட்ட கோழிகளைப் பிடித்துக் கொன்றுவிட்டார்களே, அதிலிருந்து எனக்குக் கூவல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அவை தெருவில் திரிந்தவை என்று மருமகன் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும், நான் போய் அந்தத் தாத்தாவிடம் முன்கூட்டியே பேசப் போகிறேன். முதல் முட்டைகள் அவருக்கு என்றும் சொல்வேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. செம்பவாங்கில் உங்கள் கம்பத்து வீட்டில், அம்மா வேறு குஞ்சுகளை வாங்கி வந்தால் ராத்திரி இருட்டில்தான் அடைகோழியின் அடியில் நுழைப்பார்கள். நீ விளக்கைப் பிடிப்பாய், நான் கூடையைப் பிடிப்பேன். காலையில் தாய்க்கோழி எல்லாவற்றையும் தன்னுடையது என்று கூட்டிப்போகும். அந்தக் கோழி என்ன செய்து வாத்துக்குஞ்சையும் கறுப்பையும் சிவப்பையும் ஒன்றாக வைத்திருந்தது? பெரியவை கொத்தினால் அதுவே தலையில் தட்டுமா? அம்மா எத்தனை நாள் வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள்? சில்க்கி நன்றாக அடைகாக்கும் என்று படித்தேன். மாவு பெட்டை என்று தெரிந்தால் அடுத்த வருடம் அவளிடமே விட நினைக்கிறேன். அம்மா இருந்திருந்தால் நேராகக் கேட்டிருப்பேன். இப்போது எனக்கு நீதான் இருக்கிறாய்.

பங்குனி உத்திரத்துக்கு ஈசூனுக்கு வருவாய்தானே? இரண்டு நாள் முன்னால் வா, இங்கே தங்கு. கவினிடம் உன் அம்மா கோழி கூப்பிடும் சத்தத்தைச் செய்து காட்டு, எனக்கு வரவில்லை. காலையில் செய்து பார்த்தேன், பழுப்பு மட்டும்தான் ஓடி வந்தது.

இப்போது மணி ஆறேகால், பஞ்சுவுக்கு மஞ்சள் மாற்ற வேண்டும்.

உன்,
சரோஜா