ஷோகிரவுண்ட்ஸ் தாத்தாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். நடந்தது என்னவென்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அன்றாட வேலையில் கரைந்துபோய்விடும், அப்படிக் கரைய விடக்கூடாது.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ராத்திரி ஷிஃப்டில் என்னை வெளியே போகச் சொல்லாமல் நாற்காலி எடுத்துப்போட்ட நர்ஸ்கள், டப்ளினிலிருந்து இட்லி மாவும் புளிக்காய்ச்சலும் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் ரயிலில் வந்த தோழிகள், கால்வேயிலிருந்து காரில் வந்து வாசலிலேயே பையை வைத்துவிட்டுப் போன அண்ணன், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், ஊரில் அம்மாவுக்குத் தைரியம் சொன்னவர்கள், குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த சித்தி, பள்ளிக்கூடத்தில் பையனைத் தனியாக விடாத டீச்சர். பெயர் போட ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி நான் சொல்ல நினைப்பது எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தாவைப் பற்றி. உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எழுபதைத் தொடுகிற வயது. எங்கள் ஸ்லைகோ ஊரின் ஸ்லைகோ ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் ரசிகர்; ஷோகிரவுண்ட்ஸ் என்பது அந்தக் கிளப்பின் மைதானம். ரசிகர் என்பதைவிட அந்தக் குடும்பத்து ஆள் என்று சொன்னால்தான் சரி. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய மஃப்ளர், மழையோ வெயிலோ அது கழுத்தில் இருக்கும். இதற்கு முன்னால் எங்களுக்குள் இருந்தது தெருவில் பார்த்தால் தலையாட்டும் பழக்கம் மட்டும்தான். நான் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடக்க, பையன் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டிருந்த சமயம் அது. சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவான், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் தாத்தா கதவைத் தட்டி, அவனோடு துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், "இந்தப் பையனுக்கு நம்ம கிளப்போட கதை தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்றதும் உள்ளே வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது 1928-இல். ஸ்லைகோ டவுன், ஸ்லைகோ ப்ளூஸ் என்று இருந்த இரண்டு அணிகளைச் சேர்த்து ஒரே கிளப்பாக ஆக்கிய வருஷம். இன்றைக்கும் 20,000 சொச்சம் பேர்தான் இருக்கிற ஊர் இது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் அட்லாண்டிக் காற்று வாங்கிக்கொண்டு கிடக்கிற இடத்தில், டப்ளின் அணிகளோடு மோத ஒரு கிளப். 1934-இல் அயர்லாந்து லீகில் சேர்ந்து, 1937-லேயே சாம்பியன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிட்டாராம்.

நம் வீடுகளில் வாரப்பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்த தலைமுறையைக் கேட்டால் தெரியும், "தொடரும்" என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று. மறுநாள் பையன் ஐந்து மணிக்கே வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்திருக்கிறான்.

இரண்டாம் நாள் கதையில் வந்தவர் டிக்ஸி டீன். இங்கிலாந்தில் எவர்ட்டன் அணிக்காக ஒரே சீசனில் 60 லீக் கோல் அடித்த மனிதர், அதுவும் ஸ்லைகோ கிளப் பிறந்த அதே 1928-இல் முடிந்த சீசனில். அப்பேர்ப்பட்டவர் 1939 ஜனவரியில் இந்தச் சின்ன ஊருக்கு ஆட வந்தார். லீகில் 7 ஆட்டம், 10 கோல். வாட்டர்ஃபோர்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5. அந்த வருஷம் கிளப் அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ.ஐ. கோப்பை இறுதிக்குப் போய், ஷெல்போர்னோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றது. போதாக்குறைக்கு டீனுக்குக் கிடைத்த இரண்டாம் இடப் பதக்கத்தையும் யாரோ திருடிவிட்டார்கள். "யார் திருடினது?" என்று பையன் கேட்டானாம். பல நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து தானாக வந்த கேள்வி அதுதான் என்று அக்கா எனக்குப் போன் செய்து சொன்னபோது, வார்டு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பதக்கம் திரும்பி வரும். ஆனா அதுக்கு 39 வருஷம் ஆகும், பொறு" என்று தாத்தா பதில் சொன்னாராம்.

பையனிடம் அவர் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: போனில் தேடிப் பார்க்கக்கூடாது. அவன் பார்க்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, கையெட்டும் தூரத்தில் போன்.

நான் வீட்டில் இருந்த ஓரிரு சாயங்காலங்களில் அவர் சொல்வதை நேரிலும் பார்த்தேன். நம் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தால் சூடு தாங்காமல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு அதால் பிடித்துக்கொள்வார். உப்பு ஜாடி கோல்கீப்பர், கிராம்பு டப்பாவும் மிளகு டப்பாவும் தடுப்பாட்டக்காரர்கள், கரண்ட் பில் வந்த உறையின் முதுகில் மைதானம். இவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. அந்த நாட்களில் எல்லோரும் கேட்டீர்கள், அன்பினால்தான் கேட்டீர்கள், நானும் பதில் சொன்னேன். ஆனால் பதில் சொல்ல வேண்டாத ஒரு ஆள் வீட்டுக்குள் இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அப்போது யோசிக்கக்கூட எனக்கு நேரம் இல்லை. இப்போது யோசிக்கிறேன்.

கதை முழுக்கத் தோல்விதான் வந்துகொண்டிருந்தது. 1940-இல் மறுபடியும் இறுதி, ஷாம்ராக் ரோவர்ஸிடம் தோல்வி. அப்புறம் போர்க்காலம், 8 வருஷம் கிளப் லீகிலேயே இல்லை. 1948-இல்தான் திரும்பி வந்தது. இதையெல்லாம் அவர் வேகமாகத் தாண்டவில்லை, நிதானமாக, ஒவ்வொன்றாக.

அறுவை சிகிச்சை நாள் வந்தது. அன்று கதையில் 1970.

அந்த வருஷத்து இறுதியில் ஸ்லைகோவும் போஹீமியன்ஸும். முதல் ஆட்டம் 0-0. மறு ஆட்டம் வைத்தார்கள், அதுவும் 0-0. மூன்றாவது ஆட்டத்தில்தான் முடிவு தெரிந்தது. தாத்தா அப்போது சிறுவன், அப்பாவோடு டப்ளின் டேலிமவுண்ட் பார்க்கில் நின்று பார்த்தவர். நான் போனை வெறித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க, சமையலறையில் அவர் கோலே விழாத ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து யாரிடம் போனது, யார் வழுக்கி விழுந்தார், அப்பா எந்தப் பாக்கெட்டிலிருந்து சாண்ட்விச் எடுத்தார், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம். கோல் இல்லாத ஆட்டத்தில் சொல்ல என்ன இருக்கிறது? அன்று மணிக்கணக்காக அவருக்குச் சொல்ல இருந்தது.

டாக்டர் வெளியே வந்து அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு நான் வீட்டுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. பையன் மேஜையிலேயே தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தான், அவன் முதுகில் அந்தச் சிவப்பு மஃப்ளர். தாத்தா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தெரிந்துகொண்டார். எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரெண்டாவது ஆட்டம் பாதியில நிக்குது. இன்னும் கோல் விழல" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

(மூன்றாவது ஆட்டம் 2-1. தோற்றது ஸ்லைகோதான். மறுநாள் காலை ஆட்டம் முடியும்வரை விடாமல் அவரைப் பிடித்துவைத்துக் கேட்டிருக்கிறான்.)

அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, வார்டிலும் கதையிலும். 1977-இல் 40 வருஷம் கழித்து மறுபடி லீக் பட்டம். அதனால் ஐரோப்பியக் கோப்பையில் ஆட வாய்ப்பு, பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியோடு. இரண்டு ஆட்டத்திலும் 3-0 தோல்வி, ஆனால் ரெட் ஸ்டார் இந்த ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போனது. 1978-இல் மீண்டும் கோப்பை இறுதி. அதைப் பார்க்க வயதான டிக்ஸி டீன் அயர்லாந்துக்கு வந்தார். அவர் தங்கிய ஹோட்டலில் யாரோ ஒரு பொட்டலத்தைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். பிரித்தால் உள்ளே 1939-இன் பதக்கம். பையன் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவின் காதுக்குள் முதலில் சொன்ன செய்தி இதுதான். "பதக்கம் கிடைச்சிடுச்சுப்பா." இவருக்கு எந்தப் பதக்கம் என்று புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

அந்த 1978 இறுதியும் தோல்விதான், 1981-உம் தோல்விதான். ஐந்து இறுதி, ஐந்திலும் தோல்வி. அதற்குமேல் சொல்ல மாட்டேன் என்று தாத்தா நிறுத்திவிட்டார். "1983-ஐ அப்பா வந்ததும்தான் சொல்வேன்." பையன் கெஞ்சியும் மசியவில்லை.

இவர் வந்த பிறகு ஒரு சாயங்காலம் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தோம். பையன் கால்மாட்டில். தாத்தா நாற்காலியின் நுனியில். அரையிறுதியில் கோப் ராம்ப்ளர்ஸ் அணியோடு நான்கு ஆட்டம் ஆட வேண்டியிருந்ததிலிருந்து தொடங்கினார். பின்னாளில் ராய் கீன் (அயர்லாந்து அணியின் கேப்டனாக இருந்தவர்) ஆடிய அதே கிளப்தான், அப்போது அது லீகிலேயே இல்லாத அணி. அப்புறம் இறுதி, மறுபடியும் அதே போஹீமியன்ஸ், அதே டேலிமவுண்ட். முதலில் அவர்கள் ஒரு கோல். பையன் "ஐயோ" என்றான். டோனி ஸ்டென்சன் சமன் செய்தார். அப்புறம் ஹாரி மக்லாக்லின். அந்தக் கோலைச் சொல்ல தாத்தா எழுந்து நின்றார், கையை வளைத்து பந்து எப்படிக் கீப்பர் தலைக்குமேல் போனதென்று காட்டினார், குரல் உடைந்துவிட்டது. 2-1. கிளப் பிறந்து 55 வருஷம் கழித்து முதல் கோப்பை. பையன் கட்டிலில் ஏறிக் குதிக்க, நான் தையல் தையல் என்று கத்த, இவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

ஜெயித்த கதைகளை முதலில் சொல்லியிருக்கலாமே, குழந்தைதானே என்று அப்புறம் ஒரு நாள் கேட்டேன். "அப்படிச் சொல்லியிருந்தா 1983 அவனுக்கு வெறும் ஸ்கோர்தான்" என்றார்.

மிச்சக் கதையை இவரும் சேர்ந்தே கேட்டார். 1994-இல் டெர்ரி சிட்டிக்கு எதிராக ஜெர்ரி கார் தலையால் முட்டிய ஒரே கோல். 2010 இறுதி, டப்ளின் அவிவா ஸ்டேடியம், 36,000-க்குமேல் கூட்டம், எதிரே ஷாம்ராக் ரோவர்ஸ். கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி. கீப்பர் கியரான் கெல்லி வந்த நான்கையும் தடுத்தார். நான்கில் நான்கு! பையன் சாக்ஸைச் சுருட்டிக் கொடுத்து, எங்கள் நடைவழியில் தாத்தாவை எறியச் சொல்லி, தானும் நான்கைத் தடுத்தான். 2011-உம் 2013-உம் கோப்பை. நடுவில் 2012-இல் 35 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம், அதுவும் சொந்த ஷோகிரவுண்ட்ஸ் மைதானத்திலேயே உறுதியானது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டேன். இது ஒரு பணக்காரருடைய கிளப் இல்லை. ஊர்க்காரர்கள்தான் சொந்தக்காரர்கள். மைதானமும் ஊருக்காக ஒரு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. டிக்கெட் கிழிப்பதிலிருந்து பெயின்ட் அடிப்பதுவரை சம்பளம் வாங்காத கைகள். இத்தனை வருஷத் தோல்வியில் ஒரு தலைமுறை "போதும்" என்று கைவிட்டிருந்தால் 1983 வந்திருக்காது, என் பிள்ளைக்குச் சொல்லக் கதையும் இருந்திருக்காது. முன்பின் தெரியாத யார் யாரோ மழையில் நின்று காத்துவைத்தது என் வீட்டுச் சமையலறைவரை வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன். இவர் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஆட்ட நாட்களில் நான் அங்கே போய் வேலை செய்வேன். டீ ஊற்றவோ, குப்பை பொறுக்கவோ, எதைக் கொடுத்தாலும் சரி. தாத்தாவிடம் சொல்லியாயிற்று, யாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பையனுக்கு சீசன் டிக்கெட் வாங்கிவிட்டோம்.

அயர்லாந்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவருக்குத் தெம்பு வந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஸ்லைகோ வாருங்கள். சொந்த மைதான ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், தாத்தாவுக்கு மட்டும் காரம் குறைத்துத் தனியாக எடுத்துவைத்துவிடுவேன். சாயங்காலம் சேர்ந்தே மைதானத்துக்கு நடப்போம். நல்ல தடிமனான கோட்டாக எடுத்து வாருங்கள், அங்கே காற்று எலும்புவரை போகும். சிவப்பில் ஏதாவது ஒன்று உடம்பில் இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
ஸ்லைகோவிலிருந்து நாங்கள் மூவர்